நெடுந்தூர லாரி ஓட்ட மூத்த ஓட்டுநரிடம் கற்றுக்கொள்வது: எதைப் பார்த்து முடிவு செய்யலாம்?

கேள்வி: ராசிபுரத்து இளைஞன்

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 22. இயந்திரவியலில் டிப்ளோமா முடித்துவிட்டு, கோழித்தீவனம் ஏற்றும் சிறிய சரக்கு வண்டியை நாமக்கல், ராசிபுரம், ஆத்தூர் வட்டாரத்தில் ஓட்டி வருகிறேன். இலகு ரக வாகன உரிமம் வாங்கி இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அடுத்ததாகக் கனரக உரிமம் பெற்று வெளிமாநில லாரி ஓட்ட வேண்டும் என்பது என் விருப்பம்.

என் பெரியப்பாவுக்குப் பழக்கமான மூத்த ஓட்டுநர் ஒருவர் சொந்தமாகப் பன்னிரண்டு சக்கர லாரி வைத்திருக்கிறார். சேலத்தில் லோடு ஏற்றிப் புனேவுக்கும் மும்பைக்கும் போய், அங்கிருந்து ரிட்டர்ன் லோடு எடுத்து வருகிறார். ஓராண்டு தன்னுடன் கிளீனராக வந்தால், பிறகு வண்டியை என் கையில் தருவதாகச் சொல்கிறார். சம்பளம் கிடையாது, சாப்பாடும், டிரிப்புக்கு ஒரு சிறு தொகையும் உண்டு. வீட்டிலோ, பணம் கட்டிப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தால் உரிமம் கிடைத்துவிடப் போகிறது, அதற்காக ஓராண்டு கயிறு இழுக்க வேண்டுமா என்று கேட்கிறார்கள்.

கிளீனராகப் போவது இன்றைக்கும் தேவையா? அவர் நல்ல ஆசான்தானா என்பதைச் சேரும் முன்பே எப்படி அறிவது? பழகுநர் உரிமத்தை வைத்துக்கொண்டு வழியில் நான் ஓட்டலாமா? அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பதில் 1: சங்ககிரி வண்டிக்காரர்

தம்பி, வண்டி எத்தனை சக்கரம், எந்த ஊருக்குப் போகிறது என்பதையெல்லாம் பிறகு பார்க்கலாம்; முதலில் அந்த மனிதரைப் பாருங்கள். சேருவதாக ஒப்புக்கொள்ளும் முன், சும்மா உடன் வருகிறேன் என்று சொல்லி ஒரு முறை அவருடன் போய் வாருங்கள். போகும்போது ஒன்றும் தெரியாது. திரும்பி வரும்போது, தருமபுரியைத் தாண்டித் தொப்பூர் கணவாயில் லோடோடு இறங்கும் அந்தச் சில கிலோமீட்டரில் அவருடைய இடக்கையையும் காலையும் கவனியுங்கள். சரிவு தொடங்குவதற்கு முன்பே கியரைக் குறைத்து, எஞ்சின் புகையை அடைத்து வண்டியை இழுத்துப் பிடிக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டு, பின்னால் வருகிறவர்கள் எவ்வளவு ஹாரன் அடித்தாலும் இடப்பக்கத்திலேயே மெதுவாக இறங்குகிறாரா? அப்படியானால் அவரிடம் தயங்காமல் சேரலாம். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் போட்டு விடுகிறார் என்றால், முப்பது ஆண்டு அனுபவம் இருந்தாலும் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

நீங்கள் இயந்திரவியல் படித்தவர் என்பதால் காரணத்தையும் சொல்கிறேன். நியூட்ரலில் விட்ட வண்டியை எஞ்சின் பிடித்து நிறுத்தாது. மொத்த எடையும் பிரேக் மேல் விழும். பிரேக் லைனிங் சூடேறச் சூடேற, மிதியை எவ்வளவு அழுத்தினாலும் பிடிப்பு குறைந்துகொண்டே போகும். சிலர் எஞ்சினையே அணைத்துவிடுகிறார்கள். அப்போது பிரேக்குக்குக் காற்று நிரப்பும் கம்பிரஸர் சுற்றாது, ஒவ்வொரு மிதிக்கும் டாங்கியில் இருக்கிற காற்று குறையுமே தவிர ஏறாது, பவர் ஸ்டியரிங்கும் இறுகிவிடும். தொப்பூரில் முன்னால் நிற்கும் கார்கள் மேல் லாரி ஏறியதாக நாம் படிக்கும் செய்திகளில் பலவற்றுக்குப் பின்னால் இந்தப் பழக்கம் இருக்கிறது. எந்தக் கியரில் ஏறுவாயோ அந்தக் கியரில் இறங்கு என்பது எங்கள் காலத்தில் சொல்லிக்கொடுக்கப்பட்ட முதல் பாடம். சாத்தாராவுக்கும் புனேவுக்கும் நடுவில் உள்ள கம்பட்கியிலும், மும்பைக்கு இறங்கும் கண்டாலாவிலும், சத்தியமங்கலத்திலிருந்து மைசூர்ப் பக்கம் போகிற 27 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட திம்பத்திலும் அதே பாடம்தான்.

கிளீனர் வேலை தேவையா என்று கேட்டிருக்கிறீர்கள். தேவை என்பதே என் கருத்து. ஆனால் ஓராண்டு முழுவதும் தேவையில்லை. லாரி ஓட்டுவதில் பாதி வேலை, ஸ்டியரிங்கைத் தொடுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. லோடு எங்கே உட்கார்ந்திருக்கிறது, தார்ப்பாயின் எந்த மடிப்பில் மழைநீர் தேங்கும், எந்தக் கயிறு நூறு கிலோமீட்டரில் தளரும் என்பதெல்லாம் கட்டிப் பார்த்தவனுக்கே தெரியும். நிறுத்துகிற இடத்திலெல்லாம் இறங்கி, இரட்டைச் சக்கரங்களுக்கு நடுவில் கல் சிக்கியிருக்கிறதா என்று பார்ப்பதும், டயரைத் தட்டிச் சத்தத்தை வைத்துக் காற்றை அறிவதும், கையை அருகில் கொண்டுபோய் எந்தச் சக்கரத்தின் பிரேக் டிரம் மட்டும் அதிகமாகச் சூடாகிறது என்று கண்டுபிடிப்பதும், இடப்பக்க இருக்கையில் இருப்பவனின் வேலை. அந்த இருக்கையில் உட்கார்ந்துதான் இடப்பக்கத்தை அறியவும் முடியும். கேபினை ஒட்டி வருகிற இரு சக்கர வண்டி, லாரி ஓட்டுநர் கண்ணுக்கு எவ்வளவு நேரம் மறைந்துவிடுகிறது என்று அங்கிருந்து பார்த்தவன், பிறகு தான் ஓட்டும்போது கண்ணாடியை மட்டும் நம்பி இடப்பக்கம் திரும்ப மாட்டான்.

காகிதங்களையும் அவரிடம் கேட்டு நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று, பர்மிட், காப்பீடு எல்லாவற்றுக்கும் தேதி உண்டு. சரக்கோடு போக வேண்டிய மின்னணுச் சீட்டான இ-வே பில்லுக்கோ தூரத்தை வைத்துக் கெடு. சாதாரணச் சரக்குக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள். வழியில் வண்டி பழுதாகி நின்றால் அந்தக் கெடு தாண்டிவிடும், உரிய நேரத்தில் நீட்டிக்காவிட்டால் சோதனையில் வண்டியே நிற்கும். இதை முழுவதும் உரிமையாளர் தலையில் விட்டுவிடும் ஓட்டுநர்கள் உண்டு. ஆனால் நடுவழியில் மாட்டிக்கொண்டு நிற்பது நாம்தான்.

வண்டியைக் கையில் தருவதற்கு ஒரு வரிசை இருக்கிறது. நல்ல ஆசான் முதலில் காலி வண்டியைப் பகல் நேரத்தில் நான்கு வழிச்சாலையில் தருவார். பிறகு லோடோடு சமவெளியில் விடுவார், இரவும் மழையும் அதற்குப் பிறகு, மலைப்பாதை கடைசியில். ரிவர்ஸ் மட்டும் முதல் நாளிலிருந்தே பழகலாம், சந்தை வாசலிலும் குடோன் வாசலிலும் இடம் கிடைத்தபோதெல்லாம். இன்னொன்று: நீங்கள் ஓட்டும்போது அவர் தூங்கப் போய்விடக் கூடாது. தனக்கு ஓய்வு கிடைக்கும் என்பதற்காக மட்டும் கற்றுக்கொடுக்கிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

பதில் 2: ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி ஆசிரியர், ஈரோடு

மேலே எழுதியவர் சொன்னவற்றில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. சட்டம் தொடர்பானவற்றை மட்டும் நான் சேர்க்கிறேன், ஏனென்றால் பெரும்பாலான இளைஞர்கள் இதில்தான் சிக்கிக்கொள்கிறார்கள்.

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, போக்குவரத்து வாகனம் ஓட்ட வயது 20 நிறைந்திருக்க வேண்டும். அதற்கான பழகுநர் உரிமம் கேட்கும் முன் இலகு ரக உரிமம் பெற்று ஓராண்டாவது ஆகியிருக்க வேண்டும். இந்த இரண்டும் உங்களுக்குப் பொருந்துகின்றன. எட்டாம் வகுப்புத் தேர்ச்சி என்ற நிபந்தனை 2019இல் நீக்கப்பட்டுவிட்டது. மருத்துவரிடம் படிவம் 1ஏ சான்றும், உரிமம் பெற்ற பயிற்சிப் பள்ளியிலிருந்து படிவம் 5 சான்றும் வேண்டும். ஆகவே பள்ளியா, ஆசானா என்று நீங்கள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலையே இல்லை. ஆசானிடம் எவ்வளவு நன்றாகக் கற்றிருந்தாலும் பள்ளியின் சான்று இல்லாமல் கனரக உரிமம் கிடைக்காது.

பழகுநர் உரிமம் ஆறு மாதம் செல்லும். இந்தியா முழுவதும் செல்லும் என்பதால் கர்நாடகத்திலும் மகாராஷ்டிரத்திலும் புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை. ஆனால் அந்த வகை வாகனத்துக்கான உரிமம் உள்ள ஒருவர், தேவைப்பட்டால் வண்டியைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ கூடிய இடத்தில் உடன் உட்கார்ந்திருக்க வேண்டும். வெள்ளைப் பின்னணியில் சிவப்பு எல் எழுத்து முன்னும் பின்னும் இருக்க வேண்டும். பின்னால் படுக்கையில் தூங்குகிறவர் இந்த விதியை நிறைவு செய்ய மாட்டார். மற்றவருடைய சரக்கை ஏற்றிக்கொண்டு பழகுநர் ஓட்டுவதை நான் என் மாணவர்களுக்கு எப்போதும் பரிந்துரைப்பதில்லை. காலி வண்டியில் பழகிக்கொண்டு, லோடு வண்டியை நிரந்தர உரிமம் வந்தபின் தொடுவதே முறை.

பழகுநர் உரிமம்கூட இல்லாமல் பொதுச்சாலையில் ஓட்டினால் அபராதம் 5,000 ரூபாய், சிறைத்தண்டனைக்கும் இடமுண்டு. வண்டியைக் கொடுத்த உரிமையாளரும் தனியாகத் தண்டனைக்கு உள்ளாவார். விபத்து நடந்துவிட்டால் காப்பீட்டு நிறுவனம் அடிபட்டவருக்குக் கொடுத்த தொகையை உரிமையாளரிடமிருந்து திரும்பக் கேட்கும். உங்களுக்கு வண்டியைத் தரப்போகிறவர் தாமே உரிமையாளர் என்பதால், இதை அவரிடம் மரியாதையாக எடுத்துச் சொன்னாலே கவனமாகிவிடுவார்.

பதில் 3: டிரெய்லர் ஓட்டுநர், தூத்துக்குடி

சங்ககிரி அண்ணன் எழுதியதை மதிக்கிறேன். ஆனால் கிளீனர் காலத்தைப் பற்றி அவர் சொல்வதை முழுமையாக ஏற்க முடியவில்லை. இன்று பல லாரிகளில் கிளீனரே கிடையாது. செலவைக் குறைக்க ஓட்டுநர் ஒருவரையே அனுப்புகிறார்கள். அப்படிப்பட்ட நிலையில், கற்றுக்கொடுக்கிறேன் என்ற பெயரில் சம்பளமில்லாத ஆள் ஒருவர் கிடைத்தால் யாருக்குத்தான் கசக்கும்? கயிறு கட்டப் பழக ஓரிரு மாதம் போதும். மீதி மாதங்களில் நடப்பது கற்பித்தல் அல்ல, வேலை. வேலைக்குக் கூலி உண்டு.

இன்னொரு குறையும் உண்டு. ஆசானிடம் கற்பவன் அவருடைய நல்ல பழக்கத்தோடு கெட்ட பழக்கத்தையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறான். எது எது என்று பிரித்துப் பார்க்கும் அறிவு அப்போது அவனுக்கு இருப்பதில்லை. அதனால் முதலில் முறையான பயிற்சி மையம் ஒன்றில் சேர்வது நல்லது. உங்கள் நாமக்கல்லிலேயே அசோக் லேலண்டின் ஓட்டுநர் பயிற்சி மையம் இருக்கிறது. கும்மிடிப்பூண்டியில் சாலைப் போக்குவரத்து நிறுவனத்தின் கனரக வாகனப் பயிற்சிப் பிரிவு இருக்கிறது. ஏர் பிரேக் எப்படி வேலை செய்கிறது, எஞ்சின் எந்த வேகத்தில் (ஆர்.பி.எம்.) சுற்றும்போது கியர் மாற்றினால் டீசல் குறையும் என்று காரணத்தோடு அங்கே தெரிந்துகொண்டு போனால், ஆசான் செய்வதில் எதைப் பின்பற்றலாம், எதை விட்டுவிடலாம் என்று உங்களுக்கே புரியும்.

தூக்கத்தைப் பற்றி யாரும் விரிவாக எழுதவில்லையே என்று எனக்கு வியப்பாக இருக்கிறது. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், பொதுவாக நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் என்றும், ஐந்து மணி நேர வேலைக்குள் அரை மணி நேர இடைவேளை என்றும் வகுத்தது. சாலையில் அதை யாரும் பார்த்ததில்லை என்பது நமக்கெல்லாம் தெரியும். இருந்தாலும் பின்னிரவு இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை வண்டியை ஓரம் கட்டித் தூங்குகிறவரா, டீயும் புகையிலையுமாக இழுத்துக்கொண்டு போகிறவரா என்று பாருங்கள். தொப்பூரைவிட இதுதான் எனக்குப் பெரிய சோதனை. தொப்பூர் ஒரு சரிவு. பின்னிரவு ஒவ்வொரு நாளும் வருகிறது.

ராசிபுரத்து இளைஞன்

மூவருக்கும் நன்றி. உடன் ஒரு முறை சென்று பார்ப்பதென்றும், அதற்குள் பழகுநர் உரிமத்துக்கு விண்ணப்பிப்பதென்றும் முடிவு செய்திருக்கிறேன். ஒரே ஒரு சந்தேகம். உரிமம் வந்ததும் எங்கள் பக்கத்துக் கேஸ் டேங்கர்களில் சேர்ந்துவிடு, வருமானம் அதில்தான் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். சாதாரண லாரியில் பழகாமல் நேராக அதற்குப் போகலாமா? கூலி விஷயத்தையும் அவரிடம் எப்படிப் பேசுவது?

பதில் 1: சங்ககிரி வண்டிக்காரர்

தூத்துக்குடித் தம்பி தூக்கத்தைப் பற்றிச் சொன்னது சரிதான். நான் எழுதியிருக்க வேண்டியது அது. கூலியிலும் அவர் பக்கமே நிற்கிறேன். முதல் இரண்டு மாதம் சாப்பாடும் படியும் மட்டும், மூன்றாம் மாதத்திலிருந்து கிளீனர் சம்பளம், நிரந்தர உரிமம் வந்து லோடு வண்டியை ஓட்டத் தொடங்கிய நாளிலிருந்து இரண்டாம் ஓட்டுநருக்கான படி என்று கேளுங்கள். நீங்களாகப் பேச வேண்டாம். பழக்கம் உங்கள் பெரியப்பாவுக்கு என்பதால், அவரை வைத்துப் பேசுவதுதான் இருவருக்கும் சங்கடம் இல்லாத வழி. பேசியதை ஒரு தாளில் எழுதி இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். தேதி குறிக்க அவர் மறுத்தால், அந்த ஓராண்டு இரண்டாண்டாகும் என்று வைத்துக்கொள்ளலாம்.

டேங்கருக்கு நேராகப் போக வேண்டாம். அபாயகரமான பொருள் ஏற்றும் வண்டிக்கு, போக்குவரத்து உரிமத்துக்கு மேல் மூன்று நாள் தனிப் பயிற்சி முடித்த சான்றும், நம் மொழிகளில் ஒன்றோடு ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிந்திருப்பதும் விதி. டிப்ளோமா படித்த உங்களுக்கு அது பெரிய காரியமில்லை. சாதாரணப் போக்குவரத்து உரிமம் ஐந்தாண்டு செல்லும்போது, இதற்கு மூன்றாண்டில் புதுப்பிக்க வேண்டும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் சான்று வாங்கிவிட்டால் கை பழகிவிடாது. எரிவாயு விரிவதற்கு இடம் விட்டுத்தான் நிரப்புவார்கள். அதனால் உள்ளே இருக்கும் திரவம் எப்போதும் அலைந்துகொண்டே இருக்கும். பிரேக் போட்ட பிறகு அது முன்னால் தள்ளும், வளைவில் வெளிப்பக்கம் சாயும். கட்டிய சரக்கோடு வளைவுகளில் வேகத்தைக் கணிக்கக் கற்றவனுக்கே அது சிரமம். இரண்டு ஆண்டு மூட்டையும் இரும்பும் ஏற்றி ஓட்டுங்கள். ஒரு மழைக்காலமாவது மகாராஷ்டிர மலைப்பாதைகளில் போய் வாருங்கள். அதற்குப் பிறகு டேங்கர் உரிமையாளர் யாரிடமாவது போய்க் கேட்டால், உங்கள் உரிமத்தைப் பார்ப்பதற்கு முன் எந்த லைனில் ஓட்டினாய், யாரிடம் ஓட்டினாய் என்றுதான் கேட்பார்.