லார்சனி பேரல் புரூஃப்: நெடிதான் தெரிகிறது, சுவை எங்கே?

கேள்வி: லார்சனி பேரல் புரூஃப், அதாவது பீப்பாயிலிருந்து தண்ணீர் கலக்காமல் அடைத்த போர்பன் (அமெரிக்க மக்காச்சோள விஸ்கி). ஏ120 தொகுதி, ஆல்கஹால் 61.6 சதவீதம். முகர்ந்தால் ஆல்கஹால் நெடி மட்டுமே. கோதுமை போர்பன் மென்மையாக இருக்கும் என்றார்களே?

பதில் 1: ரை என்ற தானியத்துக்குப் பதில் 20 சதவீதம் கோதுமை, குறைவது மிளகுக் காரம், ஆல்கஹால் அல்ல. கிளென்கேர்ன் கிளாஸில் (வாய் குறுகிய விஸ்கி கிளாஸ்) 30 மி.லி. ஊற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். மூக்கை உள்ளே நுழைக்காமல், வாயைச் சற்றுத் திறந்தபடி முகருங்கள். முதல் மடக்கை வைத்து எதுவும் முடிவுகட்ட வேண்டாம். அது நாக்கைப் பழக்கத்தான்.

பதில் 2: ஐஸ் கூடவே கூடாது, மணம் அடங்கிவிடும். தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, இடையிடையே சுவையுங்கள். 30 மி.லி. விஸ்கிக்கு 7 மி.லி. தண்ணீர் சேர்ந்தால் ஆல்கஹால் ஏறத்தாழ 50 சதவீதம். அதைத் தாண்டினால் கேரமல் மங்கி மரக் கசப்பு முன்னுக்கு வரும்.

பதில் 3: ஏ120 என்பது 2020 ஜனவரி வெளியீடு. தொகுதிக்குத் தொகுதி புரூஃப் (ஆல்கஹால் அளவு) மாறும். வேறு தொகுதிக்குத் தண்ணீர்க் கணக்கை மாற்றிப் போடுங்கள்.