ஆட்டிசம் உள்ள பிள்ளையின் அக்காவுக்கு எப்படித் துணை நிற்பது?

எல்லாருக்கும் வணக்கம். என் மகனுக்கு ஏழு வயது, ஆட்டிசம். அவனுடைய பேச்சுப் பயிற்சி நன்றாகவே போகிறது. நான் உதவி கேட்பது வீட்டில் உள்ள மற்றவர்களுக்காக.

மகளுக்குப் பதினோரு வயது. வாசலில் யாரோ வருவது தெரிந்தாலே, காலிங் பெல் அடிக்கும் முன் ஓடிப்போய்த் தம்பியின் காதைப் பொத்திவிடுகிறாள். தனக்கென்று எதுவும் கேட்பதில்லை. "பொறுப்பான பொண்ணு" என்று எல்லாரும் மெச்சுகிறார்கள். எனக்கு அதுதான் கவலை. அவளும் குழந்தைதானே! இந்த மாதிரிப் பிள்ளைகளிடம் எப்படிப் பேசினீர்கள்? தம்பிமேல் கோபம் வந்தால் அதைச் சொல்ல எப்படி இடம் கொடுத்தீர்கள்?

அவன் சரியாகத் தூங்காததால் நானும் கணவரும் இரவில் முறைவைத்து விழிக்கிறோம். அந்தக் களைப்பில் சாதாரணப் பேச்சுகூடச் சண்டையாகிவிடுகிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் பராமரிப்பாளர் திறன் பயிற்சியில் 9 குழு அமர்வுகளும் 3 வீட்டு வருகைகளும் உண்டு. பெற்றோரின் மனநலமும் அதில் ஒரு பகுதி. அதை முடித்தவர்கள் இருக்கிறீர்களா? அதில் எது இன்றுவரை உங்கள் வீட்டில் நிலைத்திருக்கிறது?

"தைரியமா இருங்க" என்பதைவிட, நீங்கள் செய்து பார்த்ததைச் சொல்லுங்கள். பொதுவில் எழுதத் தயக்கமென்றால் இன்பாக்ஸுக்கு வாருங்கள்.