குடும்ப ஆலோசனைப் பயிற்சிக்குப் பின்: சமயப் பணியாளர்களின் அனுபவங்கள்

போதகர், திருநெல்வேலி மாவட்டம்:

குருப்பட்டம் பெற்றுப் பதினோரு ஆண்டுகள் கழித்தே நான் குடும்ப ஆலோசனைப் பயிற்சிக்குச் சென்றேன். அதுவரை கணவன் மனைவி பிணக்கு என்று யார் வந்தாலும், இருவரையும் ஒன்றாக உட்காரவைத்து, வேதம் வாசித்து, ஜெபித்து, சமாதானமாகப் போங்கள் என்று அனுப்பிவிடுவேன். அப்படி நான் அனுப்பிவைத்த ஒரு சகோதரி, மூன்றாம் வாரம் தாடையில் காயத்துடன் ஆராதனைக்கு வந்து கடைசி வரிசையில் அமர்ந்தார். மனைவியைத் தள்ளிவிடுவதைக் கர்த்தர் வெறுக்கிறார் என்னும் மல்கியா 2:16-ஐத்தான் அவருக்கு வாசித்துக் காட்டியிருந்தேன்.

பயிற்சியின் முதல் வாரத்தில், நாங்கள் நடத்திய ஏதேனும் ஓர் உரையாடலை நினைவிலிருந்து சொல்லுக்குச் சொல் எழுதிவரப் பணித்தார்கள். மனநோயால் மருத்துவமனையில் இருந்து மீண்ட அமெரிக்கப் போதகர் ஆன்டன் பாய்சன், 1925-இல் வூஸ்டர் அரசு மனநல மருத்துவமனைக்கு இறையியல் மாணவர்களை அழைத்துவந்து தொடங்கிய பயிற்சி மரபில் வளர்ந்த முறை இது. நான் அந்தச் சகோதரியுடன் பேசியதையே எழுதினேன். இரண்டு பக்கங்களில் அவர் பேசியது நான்கே வாக்கியங்கள். "வீட்டுக்குப் போகவே பயமாக இருக்கிறது ஐயா" என்று அவர் சொன்னதற்கு அடுத்த வரியில், "ஜெபத்தில் தரித்திருங்கள் அம்மா" என்று நான் சொல்லியிருந்தேன். பயிற்றுநர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. அந்த வசனத்தை முழுவதுமாக வாசிக்கச் சொன்னார். அதன் பிற்பகுதி கொடுமை செய்கிறவனைக் கண்டிக்கிறது. நான் அதைப் பாதியிலேயே நிறுத்தியிருந்தேன்.

இப்போது இருவரையும் முதலில் தனித்தனியாகவே சந்திக்கிறேன். அடியோ அச்சமோ இருப்பதாகத் தெரிந்தால் சேர்த்து உட்காரவைப்பதே இல்லை. ஏனெனில் கணவர் முன்னிலையில் மனைவியால் உண்மையைச் சொல்ல முடியாது, சொல்லிவிட்டாலோ அதற்கான விலையை வீட்டில் கொடுக்க நேரிடும். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி பாதுகாப்பு அலுவலருக்கு எவரும் தகவல் தரலாம் என்பதும், நல்லெண்ணத்தில் தகவல் தந்தவர்மீது வழக்கு வராது என்பதும் பயிற்சிக்கு முன் எனக்குத் தெரியாது. அந்த அலுவலரின் எண்ணும் பெண்களுக்கான 181 உதவி எண்ணும் இன்று என் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் உள்ளன.

பயிற்சி முடிந்ததும் அந்தச் சகோதரியின் தாய் வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டேன். "அன்றைக்கு நான் சொன்னது உங்களுக்குக் கேட்கவில்லையா ஐயா?" என்று மட்டும் கேட்டார்.

ஜமாஅத் செயலாளர், இராமநாதபுரம் மாவட்டம்:

தம்பதியரிடையே பிளவு அஞ்சப்பட்டால் இரு குடும்பத்திலிருந்தும் ஒவ்வொரு நடுவரை அமர்த்துமாறு திருக்குர்ஆன் 4:35 கூறுகிறது. நாங்களும் அவ்வாறே செய்துவந்ததாக நம்பினோம். ஆனால் பெண் தரப்பில் வாப்பாவோ மாமாவோ பேசுவாரே தவிர, அந்தப் பெண்ணின் குரலை நாங்கள் கேட்டதே இல்லை. பயிற்சிக்குப் பின் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரைப் பெண்களிடம் பேசுவதற்காக அமர்த்தினோம். வளைகுடாவில் வேலைபார்க்கும் ஒருவரின் மனைவி குலா, அதாவது மனைவி கோரும் மணவிலக்கு, கேட்பதாக அந்தப் பெண்ணின் வாப்பா மனு கொடுத்திருந்தார். ஆசிரியை தனியே கேட்டபோதுதான், மணவிலக்கை அந்தப் பெண் விரும்பவே இல்லை, மருந்துச் செலவுக்குக்கூட மாமியாரிடம் கையேந்தும் நிலை மாறினால் போதும் என்றிருக்கிறார் என்பது தெரிந்தது. கணவரிடம் காணொளி அழைப்பில் பேசினோம். மறு மாதமே மனைவியின் கணக்குக்குப் பணம் வந்தது.

கத்தோலிக்கக் குரு, தூத்துக்குடி மாவட்டம்:

எனக்கு இன்றும் கடினமாக இருப்பது, மக்கள் தம் பாவங்களைக் குருவிடம் அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனம்தான். அங்கே கேட்டதை எவரிடமும் வெளிப்படுத்தக் கூடாது. எனவே வீட்டில் நடக்கும் கொடுமையைப் பற்றி ஒருவர் அங்கே பேசத் தொடங்கினால், திருப்பலிக்குப் பின் பங்கு இல்லத்துக்கு வந்து இதை மீண்டும் சொல்லுமாறு அப்போதே கேட்டுக்கொள்கிறேன். சிலர் வருகிறார்கள், சிலர் அடுத்த மாதமும் பாவசங்கீர்த்தனத்திலேயே அதைத் திரும்பச் சொல்கிறார்கள்.