நிறைவழுவுக்கு மாற்று: பிணைப்புக்குறை?

> காரைக்குடி நகைப்பட்டறையில் ‘சேதாரம்’ எல்லாருக்கும் தெரிந்த சொல்தானே, அண்ணே. புரோட்டான், நியூட்ரான்களின் நிறையைத் தனித்தனியே கூட்டினால் வருவதைவிட அணுக்கருவின் நிறை குறைந்திருக்கும் அளவை ‘நிறைவழு’ (mass defect) என்கிறோம். அதற்குப் பதில் ‘நிறைச் சேதாரம்’ என்று வைத்தால் என்ன?

தம்பி, பொருந்தாது. கழுத்திரு என்ற திருமண அணி செய்கையில் போகிற தங்கம் தங்கமாகவே கிடக்கும். பட்டறைத் தூளை அலசினால் கொஞ்சமாவது திரும்ப வரும். அணுக்கருவில் எதுவும் உதிர்வதில்லை. புரோட்டான், நியூட்ரான் எண்ணிக்கை அப்படியே இருக்க, நிறை மட்டும் குறைகிறது.

ஒரு புரோட்டானும் ஒரு நியூட்ரானும் கருவில் உள்ள ஹைட்ரஜன் வகையான டியூட்டிரியத்தை எடுத்துக்கொள். ஹைட்ரஜன் அணு 1.007825, நியூட்ரான் 1.008665, கூட்டினால் 2.016490 அணு நிறை அலகு. டியூட்டிரியம் அணுவின் நிறையோ 2.014102. குறைவது 0.002388, அதை ஆற்றலாக மாற்ற 931.494ஆல் பெருக்கினால் 2.224 மெகா எலக்ட்ரான் வோல்ட். புரோட்டானும் நியூட்ரானும் சேரும்போது காமாக் கதிராக வெளியேறுவது இதுதான்.

இதை ‘வழு’ என்பதுதான் எனக்கு ஒட்டவேயில்லை. நியூட்ரானுக்கு மின்னூட்டம் கிடையாது. மின்னூட்டமுள்ள துகளின் பாதையை வளைத்து நிறையை அளக்கும் நிறை நிறமாலைமானியில் அதை அளக்க வழியில்லை. டியூட்டிரான் (டியூட்டிரியத்தின் கரு) நிறையில் புரோட்டானைக் கழித்து, இந்தக் குறையைக் கூட்டித்தான் நியூட்ரானின் நிறையையே பெறுகிறோம். 1934இல் இயற்பியலாளர்கள் சாட்விக்கும் கோல்ட்ஹேபரும் டியூட்டிரானைக் காமாக் கதிரால் பிளந்து காட்டிய வழி இது. பிழை என்று பெயர் வைத்துவிட்டு அதையே அளவுகோலாகப் பிடிப்பதா? ‘குறைபாடு’ என்றாலோ இரும்புச்சத்து மாத்திரைதான் நினைவுக்கு வருகிறது.

‘பிணைப்புக்குறை’ என்கிறேன்.

> அண்ணே, அதைப் ‘பிணைப்பு குறைவு’ என்றுதான் பிள்ளைகள் படிப்பார்கள். ஹீலியம்-4க்கு இந்த அளவு 0.030377, டியூட்டிரியத்தைப் போல் ஏறக்குறைய 13 மடங்கு. இறுகிப் பிணைந்த கருவுக்குத்தான் அளவு கூடுகிறது, பெயரோ தளர்ந்தது என்கிறது. ‘பிணைப்பு நிறை’ போதாதா?

போதும். பிணைப்பாற்றல், பிணைப்பு நிறை என்று இரண்டும் சோடியாக நிற்கும். ஒன்று கூடினால் மற்றதும் கூடும். என் சொல்லை எடுத்துவிடு.

இந்தச் சொல்லுக்கான பதிவில் ஒரு எச்சரிக்கை சேர்க்க வேண்டும். நிறை அட்டவணையில் இருப்பது அணுவின் நிறை, எலக்ட்ரான்களும் அதில் அடக்கம். ஆகவே கூட்டும்போது புரோட்டான் நிறையை (1.007276) எடுக்கக் கூடாது, ஹைட்ரஜன் அணுவின் நிறையைத்தான் எடுக்க வேண்டும். மாற்றி எடுத்தால் ஹீலியத்தில் இரண்டு எலக்ட்ரான் நிறை விட்டுப்போய், பிணைப்பாற்றல் 28.30 மெகா எலக்ட்ரான் வோல்ட் வர வேண்டிய இடத்தில் 27.27 வரும். விடை நம்பும்படியாகவே இருப்பதால் திருத்துகிறவர் கண்ணுக்கும் தப்பிவிடும்.