மேற்குச் சுவருக்கு கிளாடிங்: சிமென்ட் போர்டா, ஹெச்பிஎல்லா, ஏசிபியா?

மேற்குவாசல்:

எல்லோருக்கும் வணக்கம். வீடு சென்னை ஈசிஆர், நீலாங்கரைப் பக்கம். கடலுக்கு ஒரு கிலோமீட்டருக்குள். மேற்கு பார்த்த முகப்பு. கிளாடிங், அதாவது சுவரின் வெளிப்பக்கம் மாட்டும் பலகை, போட நினைப்பது முதல் தளச் சுவருக்கு மட்டும்: அகலம் 24 அடி, உயரம் 11 அடி. சரியாக நடுவில் 4-க்கு 4 ஜன்னல், அடிமட்டம் 3 அடியில், மேலே சன்ஷேட். 9 இன்ச் செங்கல், வெளிப்பூச்சு முக்கால் இன்ச் இருக்கும். பூச்சில் முடி விரிசல்கள், ஜன்னல் மூலையில் கொஞ்சம் பெயின்ட் உப்பியிருக்கிறது. சாயங்காலம் அந்த அறை அடுப்பு மாதிரி.

ஒரு ஃபேப்ரிகேட்டர் ஏசிபி (அலுமினியத் தகடு வைத்த பேனல்) போடச் சொல்கிறார். இன்னொருவர் சிமென்ட் போர்டைச் சுவரிலேயே டைல் பசையால் ஒட்டிவிடலாம், 8 ஷீட் போதும் என்கிறார். மரக்கலர் ஹெச்பிஎல் (அழுத்திய லேமினேட் பலகை) பார்க்க நன்றாக இருக்கிறது. என் கேள்விகள்:

எந்த மெட்டீரியல் நிற்கும்? ஒட்டலாமா, ஃப்ரேம் வேண்டுமா? 8 ஷீட் கணக்கு சரியா? வெயில் நிஜமாகவே குறையுமா?

தூக்குக்குண்டு:

மெட்டீரியலுக்குப் போகும் முன் சுவரைப் பாருங்கள். ஜன்னல் மூலையில் பெயின்ட் உப்பியிருந்தால் உள்ளே ஓதம் இருக்கிறது என்று அர்த்தம். மேலே பலகை போட்டால் ஓதம் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். இரண்டு மழைக்காலம் கழித்து உள்பக்கச் சுவரில் வெளியே வரும்.

இந்த மாதிரி மூலையில் பெரும்பாலும் குற்றவாளி சன்ஷேட்தான். சன்ஷேட் மேல்பக்கம் சுவரோடு சேரும் இடத்தில் தண்ணீர் தேங்கும். ஒரு வாளித் தண்ணீரை அங்கே மெதுவாக ஊற்றி, வெளிப்பக்கம் வழிகிறதா, சுவரை நோக்கி வருகிறதா என்று பாருங்கள். சுவரை நோக்கி வந்தால் சரிவு தப்பு. பழைய பூச்சைக் கொத்தி, வெளிப்பக்கச் சரிவோடு மறுபடி பூசி, சேரும் மூலையில் சிறு வளைவு கொடுத்து வாட்டர்புரூஃபிங் அடிக்க வேண்டும். கைப்பிடிச் சுவரின் மேல்தலையையும் பாருங்கள், அங்கே விரிசல் இருந்தால் தண்ணீர் சுவருக்குள்ளேயே இறங்கும்.

அடுத்து, சுவர் முழுக்கச் சுத்தியல் கைப்பிடியால் தட்டிக்கொண்டே வாருங்கள். ‘டொப் டொப்’ என்று வெற்றுச் சத்தம் வரும் இடத்தில் பூச்சு செங்கல்லை விட்டுவிட்டது. அதைக் கொத்தி எடுத்தே ஆக வேண்டும். முடி விரிசலுக்கு அக்ரிலிக் கிராக் ஃபில்லர் போதும். நகம் நுழைகிற விரிசல் என்றால் வி வடிவில் வெட்டி, பாலிமர் கலந்த சாந்து அடைக்க வேண்டும்.

பசையால் ஒட்டும் யோசனையை இதனால்தான் விட்டுவிடச் சொல்கிறேன். 10 எம்எம் சிமென்ட் போர்டு 8-க்கு 4 ஷீட் ஒன்று சுமார் 40 கிலோ. பசை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அது பிடித்துக்கொண்டிருப்பது பூச்சை. பூச்சு விட்டால் ஷீட்டும் சேர்ந்து இறங்கும், அதுவும் வாசலுக்கு நேர் மேலே. போதாததற்கு, சிமென்ட் போர்டு ஈரத்தில் விரியும், காய்ந்தால் சுருங்கும். பசை அதை அசையவிடாது. அப்போது போர்டில் விரிசல் விழும், இல்லையென்றால் ஓரம் தூக்கும்.

ரசமட்டம்:

மேலே சொன்னதை முடித்துவிட்டுத்தான் இது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இணையத்தில் சைடிங் என்று தேடினால் வரும் படங்கள் பெரும்பாலும் அமெரிக்க மரச்சட்ட வீடுகள். அங்கே சைடிங்தான் வீட்டின் மழைக்கோட்டு. நம் வீட்டில் மழையைத் தடுப்பது செங்கலும் பூச்சும். பலகைக்கு இங்கே வேலை இரண்டு: சுவருக்குக் குடை பிடிப்பது, முகப்புக்கு அழகு. அங்கே விலை குறைவு என்று போடும் வினைல் சைடிங்கை நம் மேற்கு வெயிலுக்கு யோசிக்கவே வேண்டாம், சூட்டில் இளகும் பிளாஸ்டிக் அது.

ஃபைபர் சிமென்ட் போர்டு: சிமென்ட், சிலிக்கா, செல்லுலோஸ் நார். எரியாது, கரையான் தொடாது. வாங்கும்போது ஐஎஸ் 14862 என்ற இந்தியத் தரத்தில் டைப் ஏ என்று இருக்கிறதா பாருங்கள். டைப் ஏதான் வெயில் மழையில் நிற்பது. டைப் பி உள்வேலைக்கானது, ஃபால்ஸ் சீலிங் கடையில் கிடைப்பதில் பாதி அதுதான். இதன் பலவீனம் வெட்டிய ஓரம். தொழிற்சாலையில் நாலு பக்கமும் சீல் செய்து வந்தாலும், சைட்டில் ஒரு வெட்டு விழுந்தால் அந்த ஓரம் ஸ்பாஞ்சு மாதிரி தண்ணீர் குடிக்கும். வெட்டிய அன்றே எட்ஜ் சீலர் இரண்டு கோட், ஸ்க்ரூ ஓட்டைக்குள்ளும் ஒரு தொடுப்பு. முன்பக்கம் பெயின்ட், பின்பக்கம் ஒன்றுமில்லை என்று விட்டால் பலகை வளையும். பின்பக்கமும் ஒரு பிரைமர் அடியுங்கள். வெட்டும்போது பறக்கும் தூசியில் சிலிக்கா உண்டு, நுரையீரலைக் கெடுக்கும். துணி கட்டிக்கொண்டால் போதாது, சரியான டஸ்ட் மாஸ்க் வேண்டும்.

ஹெச்பிஎல்: கிராஃப்ட் காகித அடுக்குகளை ஃபீனாலிக் ரெசினில் அழுத்தியது. வெளிச்சுவருக்கு ஈஎன் 438-6 என்ற ஐரோப்பியத் தரத்தில் வரும் காம்பாக்ட் ஷீட், 6 அல்லது 8 எம்எம். பில்லில் ‘எக்ஸ்டீரியர்’ என்று எழுதித் தந்தால் நம்பாதீர்கள். டேட்டா ஷீட்டில் இடிஎஸ் அல்லது இடிஎஃப் என்ற எழுத்து இருக்க வேண்டும். ‘டி’ கடும் வெயில் மழைக்கு, ‘எஃப்’ தீயைத் தாமதப்படுத்தும் வகை. அந்த எழுத்து ஈஜிஎஸ் என்றிருந்தால் அது மிதமான சூழலுக்கு, மேற்குச் சுவருக்கு அல்ல. இந்த ஷீட் மீட்டருக்கு 2.5 எம்எம் வரை நீள அகலத்தில் விளையாடும். அதனால் ஒரு ஷீட்டுக்கு நடுவில் ஒரே ஓட்டைதான் ரிவெட் அளவுக்கு இறுக்கமாக இருக்கலாம். மற்றதெல்லாம் 5 எம்எம் ரிவெட்டுக்கு 9 அல்லது 10 எம்எம் ஓட்டை. எல்லா ஓட்டையையும் 5 எம்எம்மில் போட்டு இறுக்கிய ஷீட் முதல் கோடையிலேயே பப்படம் மாதிரி நெளியும்.

ஏசிபி: மெல்லிய இரண்டு அலுமினியத் தகடு, நடுவில் பிளாஸ்டிக் அல்லது தாதுப்பொருள். இங்கே ‘பிஈ’ என்ற எழுத்தில் ஏமாறுகிறவர்கள் அதிகம். கோட்டிங்கில் பிஈ என்றால் பாலியெஸ்டர், உள்வேலைக்கானது, வெளியே சீக்கிரம் வெளுக்கும். வெளிச்சுவருக்கு வெயில் தாங்கும் பிவிடிஎஃப் கோட்டிங். நடுப்பகுதியில் பிஈ என்றால் பாலிஎத்திலீன், எரியும். 2017 ஜூன் 14 அன்று லண்டன் கிரென்ஃபெல் டவரில் 72 பேர் உயிரைக் குடித்த தீ வெளிச்சுவர் வழியே அவ்வளவு வேகமாக ஏறியதற்கு இந்தப் பாலிஎத்திலீன் பேனல்தான் முக்கியக் காரணம். ஆகவே இரண்டையும் தனித்தனியாகக் கேட்டு எழுதி வாங்குங்கள். தடிமன் 4 எம்எம், தகடு ஒவ்வொன்றும் 0.5 எம்எம். 3 எம்எம் ஷீட்டில் 0.25 தகடு வருவது கடை போர்டுக்கு.

டபிள்யூபிசி (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்தது) பட்டைகள் அலங்காரத்துக்கு நாலைந்து போடலாம். முழுச் சுவருக்கு வேண்டாம், நீளவாட்டில் நிறைய விரியும், கலரும் இறங்கும்.

உங்கள் சுவருக்கு என் ஓட்டு 10 எம்எம் டைப் ஏ சிமென்ட் போர்டு, வெளிர் நிறம். மரக்கலர் ஆசை விடவில்லை என்றால் ஜன்னல் பக்கம் மட்டும் ஹெச்பிஎல்.

தூக்குக்குண்டு:

ஷீட் கணக்கு. 24 × 11 = 264 சதுர அடி, ஜன்னல் 16 போக 248. அதை 32-ஆல் வகுத்து 7.75, ஆகவே 8 என்று சொல்லியிருப்பார். துண்டு விழும் இடம் அந்தக் கணக்கில் இல்லை.

ஜாயின்ட் கோடு ஜன்னல் ஓரத்தில் விழ வேண்டும். ஷீட்டை எல் வடிவில் வெட்டி ஜன்னல் மூலையில் மாட்டினால் அந்த உள்மூலையிலிருந்து குறுக்கே விரிசல் கிளம்பும். ஜன்னல் நடுவில் இருப்பதால் பத்திகள் இப்படி வரும்: 2, 4, 4, ஜன்னல் பத்தி 4, 4, 4, 2. குறுக்கு ஜாயின்ட் 7 அடியில், சன்ஷேட் மட்டத்தோடு.

நாலு முழுப் பத்திக்கும் கீழே 4-க்கு 7, நாலு ஷீட். மேலே 4-க்கு 4 துண்டு நாலு, இரண்டு ஷீட். ஓரப் பத்திகளுக்குக் கீழே ஒரு ஷீட்டை நெடுவாக்கில் பிளந்தால் இரண்டு, மேலே அரை ஷீட். ஜன்னலுக்கு மேலே அரை ஷீட், கீழே 4-க்கு 3, இன்னொரு அரை. ஆக எட்டரை. 9 வாங்க வேண்டும், மூலை உடைந்தால் என்று ஒன்று சேர்த்து 10. பின்னாளில் அதே பேட்ச் கிடைக்காது.

நெடு ஜாயின்ட் ஆறு, ஒவ்வொன்றும் 10 எம்எம். அந்த 60 எம்எம்மை ஓரப் பத்திகளில் கழியுங்கள்: 24 அடி என்பது 7315 எம்எம், ஜன்னல் பத்தியும் சேர்த்து ஐந்து முழு ஷீட் (ஒன்று 1220) 6100, ஜாயின்ட் 60, மீதி 1155. ஓரத்துண்டு ஒவ்வொன்றும் 577 எம்எம். இதை முதலிலேயே தரையில் சாக்பீஸால் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

ஃப்ரேம்: ஜாயின்டுக்கு 6, இரு கோடிக்கு 2, முழுப் பத்திகளின் நடுவில் 5, மொத்தம் 13 நெடுச் சட்டம். 12 அடி நீளமாக வாங்கினால் 13. ஜாயின்டில் வருவது இரண்டு ஷீட்டின் ஓரத்தையும் தாங்க வேண்டும், முகம் 80 எம்எம்முக்குக் குறையக் கூடாது. நடுச் சட்டம் 40 போதும். சுவர் பிராக்கெட் இரண்டு அடிக்கு ஒன்று, சுமார் 90. ஸ்க்ரூ: பக்க ஓரத்திலிருந்து 30 எம்எம் உள்ளே, மேல் கீழ் ஓரத்திலிருந்து 70 எம்எம், இடைவெளி 400-க்குள். இந்த அமைப்புக்கு 181 வரும், 200 வாங்குங்கள். கம்பெனி கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதுவே சட்டம்.

ரசமட்டம்:

கடல் அவ்வளவு பக்கம் என்பதால் ஒரு சேர்க்கை. ஃபால்ஸ் சீலிங் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) சேனலை வெளியே கொண்டுவந்து மாட்டுவார்கள், விடாதீர்கள். வெட்டிய முனையில் ஆரம்பிக்கும் துரு பலகைக்குப் பின்னால் யாருக்கும் தெரியாது. அலுமினிய செக்‌ஷன் போடுங்கள். ஸ்க்ரூ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 316 தரம். 304-உம் நிற்கும், ஆனால் உப்புக் காற்றில் டீக்கறை மாதிரி வழிந்து வெளிர் போர்டில் அசிங்கமாகத் தெரியும். பிராக்கெட்டுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு இபிடிஎம் ரப்பர் துண்டு கட்டாயம், ஈர சிமென்டின் காரம் அலுமினியத்தை அரிக்கும்.

செங்கலில் இரும்பு ஆங்கர் போல்ட் இறுக்கினால் கல் பிளக்கும். 10 × 100 எம்எம் நைலான் ஃப்ரேம் பிளக் போடுங்கள். முக்கால் இன்ச் பூச்சு போக 70 எம்எம்முக்கு மேல் கல்லுக்குள் இருக்கும். சாந்துக் கோட்டில் துளை விழுந்தால் அந்தத் துளையை விட்டுவிட்டு இரண்டு இன்ச் தள்ளிப் போடுங்கள்.

சுவருக்கும் பலகைக்கும் நடுவே 30, 40 எம்எம் காற்றுவெளி. கீழேயும் மேலேயும் திறந்திருக்க வேண்டும். உள்ளே சூடாகும் காற்று மேலே போக, கீழிருந்து புதுக்காற்று ஏறும். மேலே அழகுக்காகத் தகடு வைத்து மூடிவிட்டால் அந்த வெளி அடுப்பாகிவிடும், உள்ளே புகுந்த மழைநீரும் காயாது. திறப்பில் துளைத்தகடு வையுங்கள், இல்லையென்றால் குளவியும் எலியும் குடிவந்துவிடும். சன்ஷேட் மேல் பலகை உட்காரக் கூடாது, 20 எம்எம் விடுங்கள்.

ஜாயின்டில் பட்டி பார்க்கவே கூடாது. மூன்று மாதத்தில் கோடு கோடாகப் பிளக்கும். பின்னால் கறுப்பு இபிடிஎம் பட்டை வைத்துத் திறந்தே விடுவது என் விருப்பம். அடைத்தே ஆக வேண்டுமென்றால் பேக்கர் ராட் (ஃபோம் கயிறு) வைத்து பாலியூரித்தேன் சீலன்ட். வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கான் சிமென்டில் பிடிக்காது.

நிழல்விரும்பி:

குறுக்கே ஒரு வார்த்தை. வெயில்தான் பிரச்சினை என்றால் முதலில் மொட்டை மாடியைப் பாருங்கள். அது மேல்தளம் அல்லவா? சென்னையில் ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில். கூரை வாங்குகிற வெயில் சுவருக்கு எட்டாது. ராத்திரி ஒன்பது மணிக்கு ஏணி போட்டு சீலிங்கில் ஒரு கை, மேற்குச் சுவரில் ஒரு கை வையுங்கள். சீலிங் அதிகம் சுட்டால் கிளாடிங் பணத்தில் பாதியை மாடிக்கு வெள்ளை கூல் டைலோ, கூல் ரூஃப் கோட்டிங்கோ போடச் செலவழியுங்கள். ஜன்னல் கண்ணாடி வழியாக வருவதும் சின்ன விஷயமில்லை. வெளிப்பக்கம் மூங்கில் தட்டி தொங்கவிட்டாலே வித்தியாசம் தெரியும். உள்பக்கத் திரை போட்டு என்ன பயன், வெயில் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டதே.

மேற்குவாசல்:

எல்லோருக்கும் நன்றி. கைவைத்துப் பார்த்தேன், சீலிங்தான் அதிகம் சுடுகிறது. மாடி முதலில், சன்ஷேட் சரிவு இரண்டாவது, மழை முடிந்து ஜனவரியில் சிமென்ட் போர்டு. ஒரு சந்தேகம் மட்டும்: ஜன்னலுக்குக் கீழே ஏசி அவுட்டோர் யூனிட் ஸ்டாண்ட் இருக்கிறது. அதைப் போர்டு மேலேயே திரும்ப மாட்டலாமா?

தூக்குக்குண்டு:

கூடாது சார். யூனிட் எடையையும் அதிர்வையும் போர்டு தாங்காது, ஸ்க்ரூ ஓட்டை பெரிதாகிக்கொண்டே போகும். ஸ்டாண்டின் கால் செங்கல் சுவரில்தான் உட்கார வேண்டும். காற்றுவெளி, பலகை எல்லாம் சேர்த்து 50 எம்எம் வெளியே வரும். அந்த அளவு நீளமான பிராக்கெட் செய்யச் சொல்லி, அது துளைத்து வரும் இடத்தில் போர்டில் சுற்றிலும் 10 எம்எம் விட்டு வெட்டச் சொல்லுங்கள். செம்புக் குழாய் வெளியேறும் ஓட்டையை வெளிப்பக்கம் சரிவாகப் போடுங்கள். ஷீட் மாட்டும் முன் ஃப்ரேம் முழுவதையும் டேப் பிடித்தபடி போட்டோ எடுத்து வையுங்கள், நாளைக்கு லைட்டோ கேமராவோ மாட்ட சட்டம் எங்கே இருக்கிறதென்று தேட வேண்டாம்.