முதலாளியின் பக்தியும் சம்பள ரிஜிஸ்டரும்

திருப்பூர், கணக்குப் பிரிவு:

ஏற்றுமதி பனியன் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். கார்த்திகை பிறந்தால் முதலாளி மாலை போடுவார், வெறுங்காலோடு கம்பெனிக்கு வருவார், அன்னதானத்துக்கு அள்ளிக் கொடுப்பார். அந்தப் பக்தியை நடிப்பு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் டெய்லர்கள் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்த 12 சதவீத பி.எஃப். பணம் அதே காலத்தில் கட்டப்படாமல் கிடந்தது. அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டிய பணம். பிடித்துவிட்டுக் கட்டாமல் வைத்துக்கொண்டால் சட்டத்தில் அதற்குப் பெயர் நம்பிக்கை மோசடி.

பையர் ஆடிட், அதாவது பனியன் வாங்கும் கம்பெனி நடத்தும் சோதனை, நெருங்கியதும் பிரச்சினை என் மேசைக்கே வந்தது. டெய்லர்கள் ஒன்றரை ஷிப்ட் ஓட்டுவார்கள், சில நாள் விடியவிடிய. அப்போது அமலில் இருந்த 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டப்படி நாளுக்கு 9 மணி நேரமோ வாரத்துக்கு 48 மணி நேரமோ தாண்டினால் இரட்டிப்புக் கூலி தந்திருக்க வேண்டும். இங்கே கொடுத்தது சாதாரணக் கூலி. அதை மறைக்க, ஓவர்டைமே நடக்காத மாதிரி இன்னொரு ரிஜிஸ்டர் எழுதச் சொன்னார்கள்.

நான் பேனாவை எடுக்கவில்லை என்றதும் முதலாளியே கூப்பிட்டார். "பாவம் வந்தா என் தலைல போகட்டும் பாய், நீங்க எழுதுங்க" என்றார். மிரட்டியிருந்தால்கூட எதிர்த்து நிற்பது சுலபம். இப்படிப் பாசமாகக் கேட்கும்போதுதான் நல்ல மனிதர்களும் எழுதிவிடுகிறார்கள்.

ஒருவர் சுமையை இன்னொருவர் சுமக்க முடியாது என்பது எங்கள் நம்பிக்கை. தனக்கு வாங்கும்போது நிறைய அளந்துகொண்டு பிறருக்குக் குறைத்து அளப்பவர்களைக் குர்ஆனின் 83ஆம் அத்தியாயம் எச்சரிக்கிறது. தராசு பிடிக்கும் கடைக்காரருக்கு மட்டும் சொன்னது இல்லை அது. ராத்திரி முழுக்கத் தைத்தவளின் மணி நேரத்தைக் குறைத்து எழுதுவதும் அதே களவுதான். "முடியாதுங்க முதலாளி" என்றேன். என்னைக் குடோனுக்கு மாற்றினார்கள். ரிஜிஸ்டரை வேறொரு பையன் எழுதினான், ஆடிட்டும் முடிந்தது.

ஈரோடு, அச்சகம்:

எங்கள் முதலாளி கறுப்புச் சட்டைக்காரர், கடவுள் இல்லை என்பவர். அச்சகத்தில் ஆயுத பூஜை கிடையாது. நான் வெள்ளிக்கிழமை தவறாமல் பெரிய மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவள், அதற்கு ஒருநாளும் அவர் முகம் சுளித்ததில்லை. தீபாவளிக்கு முன்பே போனஸ் கைக்கு வந்துவிடும், அதுவும் சட்டம் சொல்லும் 8.33 சதவீதத்தோடு நிற்காது. பழைய தேதி போட்டு பில் கேட்டு வாடிக்கையாளர் ஒருவர் வந்தபோது, "அந்தம்மாவைப் பொய் எழுதச் சொல்லாதீங்க, ஆர்டர் போனாப் போகட்டும்" என்று அனுப்பிவிட்டார். சாமி கும்பிடுகிற எனக்கு அவர் வைத்த மரியாதை அது.

மதுரை, தனியார் நிதி நிறுவனம்:

பாய், வேலை போயிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? எனக்கு வீட்டுக்கடன் இருக்கிறது, அதனால்தான் கேட்கிறேன்.

திருப்பூர், கணக்குப் பிரிவு:

பயம் எனக்கும் இருந்தது தம்பி. திருப்பூரில் கணக்குத் தெரிந்தவனுக்கு இன்னொரு கம்பெனி கிடைக்கும் என்ற தைரியமும் கூடவே இருந்தது. அது இல்லாத ஊரில் இருப்பவரிடம் போய் நம்பிக்கையை மட்டும் பிடித்துக்கொள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. குடோனில் இருந்தபோது டெய்லர்களுக்கு அரசின் உமங் செயலியில் பி.எஃப். பாஸ்புக் பார்க்கக் கற்றுக்கொடுத்தேன். பணம் ஏறவில்லை என்று கண்ணால் பார்த்த அக்காமார் சிலர் தாங்களே பி.எஃப். ஆபீசுக்குப் புகார் எழுதினார்கள்.