வெளியாளை யார் ஒழுங்காக எழுதியிருக்கிறார்கள்?

கானாடுகாத்தான் வாசகன்: நம்ம கதைகளில் வெளியூர்க்காரன் வந்தாலே ஒன்று திருடன், இல்லை ஊரைத் திருத்த வந்த மகான். சும்மா பிழைக்க வந்தவனை யாராவது எழுதியிருக்கிறார்களா? காம்யுவின் 'அந்நியன்' படித்தாயிற்று. அதில் வருகிறவன் சொந்த ஊரிலேயே ஒட்டாதவன், நான் கேட்பது அது இல்லை.

தேவகோட்டை ரஸ்தா: ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' படிங்க. சிங்கம்புணரிக்காரர், நம்ம பக்கம்தான். சுமத்ராவின் மெடானும் மலேயாவின் பினாங்கும் வட்டிக்கடையும் வரும், ஆனால் எந்த ஊரிலும் கதாநாயகன் பாண்டியனுக்குக் கால் ஊன்றாது.

பள்ளத்தூர் பேரன்: அண்ணே, அது நம்ம ஆள் வெளியே போன கதை. பர்மாக்காரன் எழுதினால் வெளியாள் நாமதானே? கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் சுமார் 6 சதவீத நிலம் அங்கே வட்டிக்குக் கடன் கொடுத்த நம்ம செட்டியார்கள் கையில் இருந்தது, நெல் விலை விழுந்து குடியானவர்கள் கடன் அடைக்க முடியாமல் போனதில் 1938-க்குள் கால்பங்கு வந்துவிட்டது. நிலத்தை இழந்த குடியானவன் நம்மை எப்படிப் பார்த்திருப்பான்? இங்கே அந்த நாட்டுத் தேக்குத் தூணைத் தடவிக் காட்டிப் பெருமைப்படுவதோடு சரி.

கானாடுகாத்தான் வாசகன்: சுருக்கென்று இருக்கிறது, ஆனால் நியாயம்.

கண்டனூர் அக்கா: அவ்வளவு தூரம் எதுக்கு தம்பி? தேக்குத் தூண் வைத்த நம்ம செட்டிநாட்டு வீடுகளிலேயே யார் திண்ணையோடு நிற்கணும், யார் முகப்பு என்கிற முன்கட்டு வரை வரலாம், யார் வளவு என்கிற உள்கட்டுக்குள் நுழையலாம் என்று கணக்கு இருந்தது. சாந்து பூசின கொத்தனாருக்கும் வேலை முடிந்தால் திண்ணைதான். அந்தக் கொத்தனார் கதை இருந்தால் சொல்லுங்க, நானும் தேடிக்கிட்டிருக்கேன்.